தங்கச்சியின் பெயரைப் பட்டியலுக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

போரதீவுக்காரன் எழுதியது:

நேற்று மாலை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் என்னோடு வெல்லாவெளியில் படித்தவர். பிரதேச சபைத் தேர்தலுக்கு மார்ச்சில் வேட்புமனு கொடுக்க வேண்டுமாம். தங்கச்சியின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், ஒரு கையெழுத்து, இவ்வளவும் போதுமாம். தங்கச்சி அப்போது வீட்டில் இல்லை. அவள் பாலர் பாடசாலை ஆசிரியை.

"அவளிடம் கேட்க வேண்டாமா?" என்றேன். "நீ சொன்னால் அவள் மறுக்கவா போகிறாள்?" என்றார் நண்பர். பிறகு மறைக்காமல் விஷயத்தைச் சொன்னார். பெண்களுக்கு 25 வீதம் காட்ட வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 25 வீதம் காட்ட வேண்டும். அவளுக்கு 29 வயது. ஒரே பெயரில் இரண்டு கணக்கும் தீர்ந்துவிடும். கூட்டம், துண்டுப்பிரசுரம், செலவு எதுவும் வேண்டாம். "வட்டாரத்தில் நிற்க வேண்டியதில்லை, கட்சியின் மேலதிகப் பட்டியலில் பெயர் சும்மா கிடக்கும்" என்றார்.

அந்தச் "சும்மா" என்ற சொல்தான் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கொழும்பில் கருத்தரங்கு வைக்கிறார்கள். இங்கே பிரதேச சபைக்கே பெயரை ஆட்டுக்கு விலை கேட்பது போல வந்து கேட்கிறார்கள். இப்படி வருகிற ஆசனத்தால் சமத்துவம் வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முகத்துவாரம் எழுதியது:

கொடுக்காதீர்கள். 2018இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டோடு சபைகள் வந்தபோது எங்கள் பக்கத்தில் பார்த்தேன். கூட்டம் நடக்கும் நாளில் சபைக்கு வெளியே மரத்தடியில் மூன்று நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். உள்ளே மனைவி, வெளியே கணவர். தேநீர் இடைவேளையில் கணவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அதற்குப் பிறகு கைதூக்கலாக வரும்.

எனக்குப் பெண்கள் மீது எந்த வன்மமும் இல்லை. 1960இலேயே உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. அப்போது எந்த ஒதுக்கீடு இருந்தது? வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்குப் பெண் வேண்டுமென்றால் பெண்ணுக்கே புள்ளடி போடலாம். யாராவது தடுக்கிறார்களா? தகுதி இருப்பவர் வரட்டும். சலுகையில் வந்தவர் என்ற பெயரைக் காலம் முழுவதும் சுமப்பதைவிட வராமல் இருப்பது மரியாதை.

கல்லடிப்பாலம் எழுதியது:

முகத்துவாரம் தம்பிக்கு ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாரின் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிமாவோ எப்படி வந்தார்? 1959இல் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார், 1960 ஜூலையில் அவர் பிரதமரானார். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குக் கதவு திறந்த விதத்தைச் சொல்கிறேன். நமது பக்கத்துக்கு வாருங்கள். 1977இல் பொத்துவில் தொகுதியில் வென்ற கனகரத்தினம் சுடப்பட்டு, பின்னர் 1980இல் இறந்தபோது அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் அந்த ஆசனத்துக்கு நியமிக்கப்பட்டார். 2000 செப்டெம்பரில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் போனார், அடுத்த மாதத் தேர்தலில் அவர் மனைவி பேரியல் அஷ்ரப் திகாமடுல்லையில், அதாவது அம்பாறை மாவட்டத்தில், வென்று அமைச்சரும் ஆனார். யாழ்ப்பாணத்து அரசியல்வாதி மகேஸ்வரன் 2008இல் கொல்லப்பட்டார், 2010இல் அவர் மனைவி விஜயகலா நாடாளுமன்றம் போனார். ஒரு பெண் உள்ளே போவதற்கு வீட்டில் ஓர் ஆண் சாக வேண்டியிருந்தது. இந்த ஒதுக்கீட்டைப் பற்றி ஒருவரும் "தகுதி இருக்கிறதா" என்று கேட்டதில்லை!

மாறாக வந்தவர்களும் உண்டு. 2004இல் மட்டக்களப்பிலிருந்து தெரிவான தங்கேஸ்வரி கதிராமன் வரலாற்று ஆய்வால் அறியப்பட்டவர். அவருக்குப் பிறகு நான்கு பொதுத் தேர்தல்கள் நடந்துவிட்டன. இந்த மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் ஒன்றில்கூடப் பெண் இல்லை. 2024இல் திகாமடுல்லையில் முத்துமெனிகே ரத்வத்தே வந்தது ஆளும் கட்சியின் அலையோடு. நாடு முழுவதும் பார்த்தாலும் 2020இல் 225 பேரில் 12 பெண்கள்தான். 2024இல் வரலாற்றிலேயே அதிகம் என்று கொண்டாடினோம், அப்போதும் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக வாக்குரிமை கிடைத்த நாட்டில் இதுதான் தொண்ணூற்று மூன்று வருடத்துக் கணக்கு.

"யாராவது தடுக்கிறார்களா" என்று கேட்டீர்கள். விருப்பு வாக்கு தடுக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று பேருக்கு இலக்கம் போடலாம். அந்த இலக்கத்தை வாகரையிலிருந்து துறைநீலாவணை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாகனம் வேண்டும், சுவரொட்டி ஒட்ட ஆள் வேண்டும், இரவு பதினொரு மணிக்கு ஆதரவாளர் வீட்டில் இருந்து பேச வேண்டும். சொந்தக் கட்சிக்காரனே எதிராளி. ஒரு பெண் பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் மறுநாள் ஊர் என்ன பேசும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாழைச்சேனைப் பேப்பர் எழுதியது:

மாஸ்டர், இரவு பதினொரு மணிக்கு ஆண் வீடு திரும்பினாலும் எங்கள் வீட்டில் கதவு திறக்கமாட்டார்கள்.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

சிரித்தேன். ஆனால் பேப்பர் தம்பி போகிறபோக்கில் ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார். கதவைத் திறப்பவள் வீட்டுக்காரி. எங்கள் கிழக்கில் வீடு பெண்ணுடையது. முஸ்லிமானாலும் தமிழரானாலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு "உங்கள் பெண்களுக்கு எவ்வளவு அதிகாரம்" என்று வியப்பார்கள்.

குடியை, அதாவது வம்சப் பிரிவை, எடுங்கள். பிள்ளைக்குக் குடி தாயிடமிருந்து வருகிறது. உங்கள் கோயில்களில் வண்ணக்கர், எங்கள் பள்ளிவாசல்களில் மரைக்கார், இந்த நிர்வாகப் பதவிகள் எல்லாம் தாய்வழிக் குடியைப் பார்த்துத்தான் வந்தன. மாமனிடமிருந்து மருமகனுக்கு. பெண் வழியாகப் போகும், பெண்ணிடம் நிற்காது. வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போகிறது, விளைவது வயலில்தானே? நான் இருபது வருடம் ஆசிரியையாக இருக்கிறேன், என் பெயரில் வீடும் இருக்கிறது, ஆனால் என் பிரச்சினையைப் பற்றி முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்திலும் எனக்குக் கதிரை இல்லை. காதி நீதிமன்றத்தில் என் மகளின் வழக்கை விசாரிக்க ஒரு பெண் காதி வர முடியாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆணைத்தான் காதியாக நியமிக்கலாம் என்கிறது.

அதனால் "சொத்துக் கொடு, படிப்புக் கொடு, மற்றதெல்லாம் தானாக வரும்" என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, எங்கள் ஊரைப் பாருங்கள் என்பதுதான். சொத்து பல தலைமுறையாக இருக்கிறது. கதிரை வரவில்லை. கதிரையைக் கதிரையாகவே கேட்டால்தான் கிடைக்கும்.

முகத்துவாரம் எழுதியது:

ராத்தா சொன்ன குடிக் கதையை மறுக்கமாட்டேன். எங்கள் கோயிலிலும் அப்படித்தான். ஆனால் அது என் பக்கத்து நியாயம் அல்லவா? வண்ணக்கர் பதவி பெண் வழியாகப் போய் ஆணிடம் நிற்பது போல, ஒதுக்கீட்டு ஆசனமும் பெண் பெயரில் போய்க் கணவரிடம்தான் நிற்கிறது. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

முன்னாள் மெம்பர் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். இனி எழுதாமல் இருக்க முடியாது. 2018இல் அம்பாறை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் நான் பட்டியல் உறுப்பினர். எந்தச் சபை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

என் பெயரையும் இப்படித்தான் கேட்டு வந்தார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன், ஊரில் நாலு பேருக்கு என்னைத் தெரியும். போரதீவுத் தம்பி முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலதிகப் பட்டியலில் வரிசை கிடையாது. முதலாவதாக இருக்கிற பெயர் முதலாவதாகப் போகாது. தேர்தல் முடிந்து கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று தெரிந்த பிறகு, யாரை அனுப்புவது என்று கட்சிச் செயலாளர் எழுதிக் கொடுப்பார். வட்டாரத்தில் தோற்றவரைக்கூட அனுப்பலாம். அதாவது உங்கள் தங்கச்சியைத் தெரிவு செய்யப் போவது வாக்காளர்கள் அல்ல, ஒரு பேனா.

அந்தப் பேனா என்னை எழுதுவதற்கு முன் ஒரு தாளை நீட்டினார்கள். என் கையெழுத்தில் எழுதிய இராஜினாமாக் கடிதம், திகதி மட்டும் இல்லை. முதல் இரண்டு வருடம் நான், மீதி இன்னொருவர். ஆண் உறுப்பினர்களுக்கும் இந்த ஏற்பாடு இருந்தது, ஆனால் வட்டாரத்தில் வென்று வந்தவரிடம் அந்தத் தாளை நீட்டும் துணிவு யாருக்கும் இருக்கவில்லை. தன் வாக்கில் வந்தவன் தன் காலில் நின்றான்.

முதல் ஆறு மாதம் நான் வாய் திறக்கவில்லை. என் கணவரும் மரத்தடியில் நின்றவர்தான், முகத்துவாரம் தம்பி எழுதியதில் பொய் இல்லை. ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ சந்தைக்குப் போனபோது மீன் விற்கும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடியற்காலை நாலு மணிக்கு வருகிறார்கள், பகல் பன்னிரண்டு வரை தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்றால் குடித்தால் போக இடமில்லை. அந்தச் சந்தை எங்கள் சபைக்குச் சொந்தம். பல வருடமாக அதன் குத்தகைப் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சபைக்கு இந்த விஷயம் தெரியாது. தெரியாமல் இருந்ததற்கு அவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. அந்த அம்மா அதை ஓர் ஆணிடம் சொல்லியிருக்கமாட்டார், அவ்வளவுதான்.

சபையில் சொன்னேன். சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் சொன்னேன். மூன்றாவது கூட்டத்தில் தவிசாளர் "சரி, தங்கச்சிக்கு ஒரு கக்கூசு கட்டிக் கொடுப்போம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கட்டினார்கள், இரண்டு அறை. கட்டி முடித்த பிறகு திறப்பைக் குத்தகைக்காரர் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். பெண்கள் அவரிடம் போய்த் திறப்புக் கேட்க வேண்டுமாம். அந்தத் திறப்புக்காக இன்னும் நான்கு மாதம் சண்டை. கட்டடத்துக்கு எடுத்ததைவிட அதிக காலம்.

இதற்கிடையில் நுண்கடன்காரர்கள். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார்கள், காசு கொடுக்கும் வரை போகமாட்டார்கள். பெண்கள் ஓடி வந்தது என் வீட்டுக்கு. பிரதேச சபைக்கு இந்த விஷயத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. நான் செய்தது, போய்ப் பக்கத்தில் நின்றது. "மெம்பர் வந்திருக்கிறார்" என்றதும் அவர்கள் குரல் தணிந்தது.

ஒரு கட்டத்தில் கணவர் மரத்தடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் தடுக்கவில்லை. கூட்டம் மூன்று மணி நேரம் இழுத்ததால் அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் முடிந்ததும் அந்தக் கடிதத்துக்குத் திகதி போட்டார்கள். எனக்குத் தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. செயலாளர் அலுவலகத்துப் பிள்ளை ஒருத்திதான் அழைத்து "அக்கா, இந்த மாதக் கூட்டத்துக்கு வர வேண்டாம்" என்றாள். சரியாகப் பழகிய நேரத்தில் வெளியே.

வயல்வெளி எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு புள்ளிவிவரம் பேசுவது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சந்தைக் கதை தனிக்கதை அல்ல. இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது, தமிழ்நாட்டில் 2016இலிருந்து பாதி. அங்கேயும் கணவர்தான் தலைவர் போல நடக்கும் கதை ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் மேற்கு வங்கத்தில் பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளையும் இல்லாதவற்றையும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டஃப்ளோவும் ஒப்பிட்டுப் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். பெண்கள் முறையிட்ட குடிநீரில் பெண் தலைவர்கள் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். கணவர் பக்கத்தில் நின்றபோதும் தண்ணீர் வந்தது.

இன்னொன்று, தொடர்ந்து இரண்டு தவணை ஒதுக்கப்பட்டிருந்த இடங்களில் ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் பொது இடத்தில் நின்று வெல்வது கூடியது. ஊருக்குக் கண் பழக வேண்டும். இரண்டு வருடத்தில் கடிதத்துக்குத் திகதி போட்டால் ஊர் எப்போது பழகுவது?

ஆனால் மேலே போகப் போக ஆண்களின் கை இறுகுகிறது. இந்திய நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் மசோதா முதலில் வந்தது 1996இல், நிறைவேறியது 2023இல். அதுவும் அடுத்த குடிசன மதிப்பீடும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். 2024 தேர்தலில் 543 பேரில் 74 பெண்கள். நேபாளத்தில் இன்னொரு சூட்சுமம். நகர முதல்வர், துணை முதல்வர் இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தும் கட்சி அதில் ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும் என்றார்கள். 2017இல் துணை முதல்வர்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண்கள், முதல்வர்களில் விரல்விட்டு எண்ணலாம். சட்டத்தை மீறவில்லை, வளைத்தார்கள்.

முகத்துவாரம் எழுதியது:

ருவாண்டாவையும் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தில் அறுபது வீதத்துக்கு மேல் பெண்கள், உலகில் முதலிடம். ஆனால் எல்லாக் கைகளும் ஜனாதிபதி என்ற ஒரே ஆளைப் பார்த்துத்தான் உயர்கின்றன. எண்ணிக்கை சமத்துவம் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முன்னாள் மெம்பர் அக்காவிடம் ஒன்று. நான் மரத்தடியை மட்டும் பார்த்தவன். மலசலகூடத் திறப்பைப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு என் முதல் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன், வட்டாரத்தில் வென்றவனிடம் தாளை நீட்டத் துணியவில்லை என்றீர்கள். அப்படியானால் குறை பெண்ணிடம் இல்லை, பட்டியலில்தானே?

கல்லடிப்பாலம் எழுதியது:

தம்பி முகத்துவாரம், இப்போதுதான் நாம் ஒரே படகில் ஏறியிருக்கிறோம். ருவாண்டா விஷயத்தில் ஒரு திருத்தம் மட்டும்: அங்கே ஆண்களும் அதே ஆளைப் பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள்.

நமது உள்ளூராட்சிச் சட்டத்தைப் பாருங்கள். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டார வேட்பாளர்களில் பெண்கள் பத்து வீதம் இருந்தால் போதும், பட்டியலில் பாதி வேண்டும். கணக்குக் கூட்டினால் 25 வீதம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பு. சபைகளில் இரண்டு வீதத்துக்கும் கீழே கிடந்த பெண்களின் பங்கு 2018இல் இருபது வீதத்தைத் தாண்டியது, அது சிறிய காரியமல்ல. ஆனால் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகும் இடம் ஆண்களுக்கு, பேனாவுக்குக் காத்திருக்கும் இடம் பெண்களுக்கு என்று சட்டமே வகிடு எடுத்துவிட்டது. இதில் ஓட்டைகளும் உண்டு. தன் பங்கு முழுவதையும் வட்டாரத்திலேயே வென்ற கட்சிக்குப் பட்டியலில் ஒன்றும் மிஞ்சாது, அதனால் பெண்ணும் இல்லை. இருபது வீத வாக்குக்கும் மூன்று ஆசனத்துக்கும் குறைவாகப் பெற்ற கட்சி பெண்ணை அனுப்பத் தேவையில்லை. ஏழெட்டுக் கட்சியும் சுயேச்சைக் குழுவும் ஒன்று, இரண்டு என்று பங்கு போடும் நமது சபைகளில் இந்த விலக்கு யாருக்கு வாய்ப்பு என்று சொல்லத் தேவையில்லை.

மாகாண சபைக் கூத்து இன்னும் பெரியது. 2017 செப்டெம்பரில், வேட்புமனுவில் பெண்களுக்கு 30 வீதம் என்று ஒரு திருத்தச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். குழுநிலையில் அதற்குள் புதிய தேர்தல் முறையையே திணித்தார்கள். எல்லை நிர்ணயம் செய்ய வேண்டும் என்றார்கள். 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, கொண்டுவந்த அரசாங்கத்தின் வாக்குகூட. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. இன்று வரை தேர்தல் இல்லை. பெண்ணுக்கு முப்பது வீதம் என்று சொல்லி எல்லோருக்கும் பூச்சியம்! நாடாளுமன்ற ஒதுக்கீடு பேசுகிறவர்கள் எத்தனை வீதம் என்பதோடு, அந்த வீதம் எந்தக் கதவு வழியாக வரப்போகிறது என்பதையும் எழுதி வாங்க வேண்டும். தேசியப் பட்டியலில் 29 ஆசனத்துக்குள் தள்ளிவிட்டுக் கை கழுவினால், அது பேனாதான்.

நிந்தவூர் ராத்தா எழுதியது:

மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. பட்டியல் கெட்டது என்று பேசிப் பேசி, கடைசியில் பட்டியலையும் எடுத்துவிட்டு வட்டாரத்தையும் தராமல் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் சுவரொட்டியில் முகம் போட்டாலே அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேர் வாப்பாவிடம் வந்து பேசுவார்கள். அவளுக்குப் பட்டியல்தான் முதல் படி. முன்னாள் மெம்பர் அந்தப் படியில் ஏறாமல் இருந்திருந்தால் மீன்காரம்மா இன்றும் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்திருப்பார்.

போரதீவுத் தம்பி, எல்லாரும் பேசிவிட்டோம். தங்கச்சியிடம் கேட்டீர்களா?

முன்னாள் மெம்பர் எழுதியது:

அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். அவள் கொடுக்க விரும்பினால் மூன்று விஷயம் சொல்லுங்கள். திகதி இல்லாத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. பட்டியலோடு நிற்காமல் வட்டாரம் கேட்க வேண்டும், தோற்றாலும் தனக்கு எத்தனை வாக்கு என்று அவள் கையில் ஒரு கணக்கு இருக்கும். அடுத்த முறை பேரம் பேச அந்தக் கணக்கு போதும். உள்ளே போனால் முதல் மாதமே சபையின் வரவு செலவுப் புத்தகத்தை வாங்கிப் படிக்க வேண்டும். நான் அதை ஒன்றரை வருடம் கழித்துத்தான் படித்தேன்.

போரதீவுக்காரன் எழுதியது:

வெட்கத்தோடு எழுதுகிறேன். இந்த இழையைத் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது, அவளிடம் இன்று காலைதான் கேட்டேன். தொலைபேசியை வாங்கி எல்லாவற்றையும் வாசித்தாள். அடுத்த பதிவு அவளுடையது.

போரதீவுக்காரன் எழுதியது:

நான் தங்கச்சி. அண்ணனின் கணக்கில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

அண்ணன் சொல்லாத ஒன்று. அந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பாலர் பாடசாலைக்கு வந்து என்னைப் பார்த்துப் பேசாமல், தலைமை ஆசிரியையிடம் என் பிறந்த திகதியைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விருப்பம் இருக்கிறது. எங்கள் பாலர் பாடசாலைக்கு வரும் பாதையில் மழைக்காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். மாலையில் யானை இறங்கும் பக்கத்தில் வீதி விளக்கு இல்லை. இரண்டும் பிரதேச சபையின் வேலை. அதனால் இன்று மத்தியானம் அண்ணனின் நண்பருக்கு நானே அழைத்தேன். வட்டாரம் தந்தால் வருகிறேன், எங்கள் வட்டாரமே வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அந்த வட்டாரம் ஏற்கனவே ஒருவருக்குப் பேசிவிட்டார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த ஒருவர் யார் என்று கேட்டேன். அவர்தானாம்.

அடையாள அட்டைப் பிரதியை இன்னும் கொடுக்கவில்லை. முன்னாள் மெம்பர் அக்கா, சபையின் வரவு செலவுப் புத்தகம் உறுப்பினராக இல்லாதவர்களுக்கும் தருவார்களா? எந்தக் கிழமை போய்க் கேட்பது நல்லது?